இருபத்தொரு நாள்

கேள்வி வந்தது ஜனவரியில்.
ஹெல்சிங்கியில் ஒன்பதரைக்கு விடிந்து
மூன்றரைக்கே இருட்டிவிடும் வாரம்.
கேட்டவர் ரௌனி தக்கினென்,
எதிர்க்கட்சி, கடைசி வரிசை,
முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவர்.
பெறுநர், மாண்புமிகு அமைச்சர்.
பதில் எழுத வேண்டியவன்
நான்.

சட்டம் தந்த கெடு இருபத்தொரு நாள்.
கோழி அடைகாத்தால் குஞ்சு பொரிக்கும்.
எங்கள் துறை அடைகாத்தால்
பெரும்பாலும் கூமுட்டை.

'அரசு அறியுமா'
என்று தொடங்குவது மரபு.
அறியுமா,
கோர்பிவாரா மருத்துவமனையில்
பிரசவப் பிரிவை மூடிய பிறகு
எத்தனை குழந்தைகள் சாலையில் பிறந்தன?
எந்தத் தேதியில்,
எத்தனையாவது கிலோமீட்டரில்,
அப்போது வெளியே எத்தனை டிகிரி?

அவ்வளவுதான்.
'வெட்கக்கேடான' இல்லை,
'நெஞ்சை உலுக்கும்' இல்லை.
ஒன்றாவது இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.
அடைமொழிக்கு அடைமொழியால் பதில் சொல்லியே
பதினெட்டு வருடம் சம்பளம் வாங்கியவன்.
எண்ணைக் கேட்பவரிடம்
என்ன செய்வது?

ஆனாலும் எழுதினேன்:
'சேவைகளின் பிராந்தியச் சமநிலை
அரசின் தொடர் கவனத்தில் இருந்துவருகிறது.'
துணைச் செயலர் ஓரத்தில் பென்சிலால்
'நன்று' என்றார்.
சுவீடிஷில் பெயர்க்கும் பிர்கித்தா
மூன்றாம் மாடியிலிருந்து போன் செய்தாள்:
யாருடைய கவனம்?
பெயர் இல்லையென்றால்
இந்த வாக்கியம் எங்கள் மொழியில் நிற்கமாட்டேன் என்கிறது.
எங்கள் மொழியிலும் அது நின்றதில்லை, சாய்ந்துகொண்டிருந்தது
என்று அவளிடம் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள்
ஆம்புலன்ஸ் நிலையங்களுக்கு அட்டவணை அனுப்பினேன்.
தேதி. கிலோமீட்டர். வெப்பநிலை.
கடைசியில் வழக்கம்போல ஒரு கட்டம்: 'பிற'.
அந்தக் கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை.

நிரப்பியிருந்தார்கள்.

நவம்பர் மூன்று, எண்பத்தெட்டாவது கிலோமீட்டர், மைனஸ் பத்தொன்பது.
பிற: பால் லாரிக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி
காற்றை மறைத்தார்.

டிசம்பர் பதினாறு, நூற்றி நாற்பத்தொன்று, மைனஸ் இருபத்தாறு.
பிற: தாய் தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி
குழந்தைக்குத் தொப்பியாக மாட்டினார்.
கட்டைவிரல் பகுதி
ஒரு காதுபோல நீட்டிக்கொண்டிருந்தது.

டிசம்பர் இருபத்தொன்பது. கிலோமீட்டர் தெரியவில்லை, பனிப்பொழிவு.
பிற:
அங்கே ஒன்றும் இல்லை.
அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு
ஒரு காபி ஆறும்வரை இருந்தேன்.

பத்தொன்பதாம் நாள் 'கவனம்' முழுவதையும் அடித்தேன்.
எழுதினேன்: பதினேழு.
கீழே அட்டவணை.
'பிற' கட்டத்தைக் கேள்வி கேட்கவில்லை,
அதனால் சேர்க்க இயலாது.
துணைச் செயலர் இம்முறை பென்சிலைத் தொடவில்லை.
அமைச்சர் கையெழுத்திட்டார்,
படித்தாரா தெரியாது.

வியாழன் மாலை நான்கு, அவையில் வாய்மொழிக் கேள்விகள்.
அறையில் தொலைக்காட்சியைச் சத்தம் குறைத்து வைத்திருந்தேன்.
ரௌனி எழுந்தார். ஒரு நிமிடம் உண்டு,
அதில் பாதியைக்கூடச் செலவழிக்கவில்லை.
எழுத்தில் தந்த எண்ணை
அமைச்சர் வாயால் சொல்வாரா?
அமைச்சர் கோப்பைப் புரட்டினார், மருத்துவமனைகளின் வரலாறு சொன்னார்,
தண்ணீர் குடித்தார்.
அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
பதினேழு, என்றார் அமைச்சர்,
விலை கேட்கப்பட்டவர்போல.

பிரிவு திறக்கவில்லை.
திறக்கும் என்று நானும் நினைக்கவில்லை.
ஆனால் அந்த எண்
நேற்றுவரை வடக்கே ஒரு பெட்ரோல் பங்கில்
யாரோ சொன்ன எண்.
இன்று அரசு சொன்னது.
அச்சில், இரண்டு மொழியில்.

திங்கட்கிழமை மேசைமேல் புதிய கேள்வி.
'அரசு அறியுமா,
தனது பதிலில் பதினேழு என்றிருப்பது
வெள்ளிக்கிழமை இரவு
பதினெட்டு ஆகிவிட்டதை?'

நாட்காட்டியில் இருபத்தொன்றை எண்ணினேன்.
பிறகு புது அட்டவணை ஒன்றைத் திறந்து
'பிற' கட்டத்தை
கொஞ்சம் அகலமாக்கினேன்.